கொடுக்காமல் விட்ட விருப்பக் கடிதம்

என் மகள் தனக்குப் பிடித்த வேலையை இழந்ததற்கு நான்தான் காரணம். ஏழு ஆண்டுகளாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு அவளிடம் சொன்னேன். அதன் பிறகு இன்னும் இரண்டு பேரிடம் சொல்ல வேண்டி வந்தது. இப்போது எழுதுகிறேன்.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊழியர்களின் நியமனம், விடுப்பு, ஓய்வு இவற்றைப் பார்க்கும் பிரிவில்தான் என் பணிக்காலத்தில் பெரும்பகுதி கழிந்தது. வேலைக்கு வந்த புதிதில் நானே தற்காலிகம். எம்.ஏ. படித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, கூப்பிட்ட இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். தேர்வெழுதித் தேறிய ஒருவர் உத்தரவோடு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றால் நான் எழுந்து போய்விட வேண்டும். அப்படி மூன்று முறை எழுந்து போனேன். மூன்றாவது முறை எனக்குக் கல்யாணமாகி நாற்பது நாள். பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்து என் மனைவி, "இன்னிக்கு லீவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உண்மையைச் சொல்ல நான்கு நாள் ஆயிற்று.

இதை எனக்காகப் பரிந்து பேசும் சாட்சியாகச் சொல்லவில்லை. பயம் எங்கிருந்து வந்தது என்பதற்காகச் சொல்கிறேன். பயந்தவர்கள் எல்லோரும் நான் செய்ததைச் செய்வதில்லை.

மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. ஆய்வகப் படிப்பு முடித்து, குன்றாண்டார்கோவில் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்தாள். நாங்கள் இருப்பது குளத்தூரில். காலையில் ஸ்கூட்டியில் போய்விட்டு மாலையில் வருவாள். கர்ப்பிணிகளுக்கு ரத்தம் பார்ப்பது, காய்ச்சல்காரர்களுக்கு ரத்தப்பூச்சு எடுப்பது, காசநோய்க்குச் சளி பார்ப்பது. வேலையைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். ஆடு மேய்க்கும் ஒரு பெரியம்மா சளி கேட்டால் டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்ததையும், இவள் அவரோடு ஆட்டுக் கிடை வரைக்கும் நடந்து, விடியற்காலையில் அடி நெஞ்சிலிருந்து இருமச் சொல்லிக்கொடுத்து, சளி வாங்கி, நோயைக் கண்டுபிடித்ததையும் எங்களுக்கு நடித்தே காட்டினாள். அந்த அம்மாள் ஆறு மாத மாத்திரை முடித்துக் குணமாகி, ஒரு தூக்கு நிறைய ஆட்டுப்பால் கொண்டுவந்து தந்தாராம். சுற்று வட்டாரத்தில் அவளுக்கு 'லேப் அக்கா' என்று பேர்.

எனக்கு இதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பதினோரு மாதத்துக்கு ஒரு முறை ஒரு நாள் வரும். ஒப்பந்தம் முடிந்து, அடுத்த ஒப்பந்தம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் இடைவெளி. அதைப் 'பிரேக்' என்பார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று யாரும் உரிமை கேட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்திருக்கும் நாள் அது. அந்த நாளுக்குள் 'தொடர்ந்து பணியாற்ற விருப்பம்' என்று ஒரு கடிதம் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். என் பணிக்காலத்தில் இப்படிப்பட்ட இடைவெளி உத்தரவுகளை எத்தனையோ பேருக்கு நானே எழுதியிருக்கிறேன். கை கூசியதில்லை. என் மகளுக்கு வந்தபோதுதான் அந்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளோ அன்றைக்கும் வேலைக்குக் கிளம்புவாள்.

"கையெழுத்தே போட முடியாது. எதுக்கு ஆத்தா போற?" என்பேன்.

"காய்ச்சலுக்குப் பிரேக்குன்னா தெரியுமாப்பா?" என்பாள்.

நான்தான் விடாமல் சொல்லி அவளைத் தேர்வாணையத் தேர்வு எழுத வைத்தேன். ஆறாவது ஆண்டில் தேறினாள். இளநிலை உதவியாளர், நிரந்தரப் பணி. இடம் வடகோடி மாவட்டம் ஒன்றில். அதற்குள் அவளுக்குத் திருமணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது; குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதியாக எங்களோடுதான் இருந்தாள். மாப்பிள்ளை கீரனூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். உத்தரவு வந்த அன்று நான் கடைத்தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். வீட்டில் அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அங்க போயி நான் என்னப்பா பண்ணப் போறேன்? ஃபைலு கட்டவா?"

"ஃபைலு கட்டித்தான் ஒன்னையப் படிக்க வச்சேன்."

"நீங்க கட்டினது போதாதா? பரம்பரையாவா கட்டணும்?"

என் மனைவி அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் நிறுத்துங்க. மொதல்ல மாப்பிள்ளை என்ன சொல்றாருன்னு கேளு" என்றாள்.

மாப்பிள்ளை சொன்னது ஒன்றுதான். "அவ போற வேலை மாமா. அவதான் சொல்லணும்." எனக்கு அப்போது அவர் பொறுப்பில்லாமல் பேசுவதாகத் தோன்றியது.

சேர்வதற்கு இருபது நாள் கெடு இருந்தது. யோசிக்க ஒரு வாரம் வேண்டும் என்றாள். அந்த வாரத்தில்தான் பதினோரு மாதம் முடிந்து பிரேக் வந்தது. எந்த முடிவுக்கு வந்தாலும் இருக்கட்டும் என்று விருப்பக் கடிதத்தை எழுதிவிட்டாள். அன்று பக்கத்துக் கிராமத்தில் காய்ச்சல் முகாம். சம்பளமில்லாத அந்த நாளிலும் அவள் முகாமுக்குப் போக வேண்டியிருந்ததால், கடிதத்தை என்னிடம் கொடுத்தாள்.

"புதுக்கோட்டை போறீங்கள்ல, அப்படியே ஆபீசுல குடுத்துருங்கப்பா. இன்னிக்கே குடுக்கணும்."

வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அலுவலக வாசல் வரைக்கும் போனேன். உள்ளே போகாமல் எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். 'நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்' என்று இந்த இடத்தில் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். அது பொய். கடிதம் வராவிட்டால் அந்தப் பிரிவில் என்ன குறிப்பு எழுதுவார்கள், அந்த இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து எத்தனை நாளில் ஆளைப் போடுவார்கள் என்பது எனக்கு வரிக்கு வரி தெரியும். டீயைக் குடித்தேன். கடிதத்தை நான்காகக் கிழித்துப் பேருந்து நிலையக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

மாலையில் கேட்டாள். "குடுத்தாச்சாப்பா?"

"குடுத்தாச்சு."

"சீல் போட்டுக் காப்பி வாங்கினீங்களா?"

"நம்ம ஆளுகதானே. சீல் எதுக்கு?"

பத்து நாள் கழித்துப் புதுப்பித்தவர்களின் பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இல்லை. அவள் நேரே மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அந்தப் பிரிவில் கணினியில் பதிவு செய்யும் பெண் ஒருத்தி இருந்தாள். அவளும் ஒப்பந்த ஊழியர்தான், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும். என் மகள் அத்தனை பேருக்கு முன்னால் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பா கையில குடுத்திருக்காரு. நீ எங்க தூக்கிப் போட்ட?" என்று ஆரம்பித்து, கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே பீரோவைத் திறந்து கட்டுக்கட்டாக இறக்கினாள். நான் பக்கத்தில் கைகட்டி நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அந்த இடத்துக்கு வேறு ஆளுக்கு உத்தரவு போய்விட்டது. சுகாதார நிலைய மருத்துவர் யார் யாரிடமோ பேசிப் பார்த்தும் நடக்கவில்லை. வேறு வழியில்லாமல் என் மகள் வடக்கே போய்ச் சேர்ந்தாள்.

ஏழு ஆண்டுகள். குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரயிலில் வந்து போனாள். இடமாறுதலுக்கு எழுதிய மனுக்கள் எதுவும் பலிக்கவில்லை. வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது, உதவியாளராகப் பதவி உயர்வும் கிடைத்தது. ஆனால் தன் வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், "வந்தத உள்ள அனுப்புறேன், உள்ள இருந்து வந்தத வெளிய அனுப்புறேன்" என்பாள். ஊரில் எனக்கு மரியாதை கூடியிருந்தது. பொண்ணு கவர்மெண்ட்ல பெர்மனன்ட் என்று சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்ப்பேன். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே சொல்லிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. கீரனூரிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை ஒன்று. ஆய்வகத்துக்குப் பொறுப்பாளர் வேண்டும். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். பழைய மருத்துவர் அங்கே சேர்ந்திருக்கிறார், அவர்தான் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே மகள் இதைச் சொன்னாள். மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டும்.

"ஒனக்குப் போகணும்னு இருக்கா?" என்றாள் என் மனைவி.

"இருக்கும்மா. போன வாரம் பூரா மைக்ராஸ்கோப்பு முன்னாடி உக்காந்திருக்குற மாதிரியே கனவு. ஆனா போக மாட்டேன்."

"ஏன்?"

"கான்ட்ராக்ட்னா என்னன்னு எனக்குத் தெரியும்மா. ஒரு பேப்பரு காணாமப் போச்சுன்னு, ஆறு வருசம் பாத்த வேலையத் தூக்குனாங்க. அன்னிக்காச்சும் கையில இன்னொரு ஆர்டரு இருந்துச்சு. மறுபடி இவங்களும் ஒரு காயிதத்தத் தொலைச்சுப்புட்டா, நான் எங்கிட்டுப் போயி நிக்கிறது?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கப்பா. ரூல்ஸ் தெரிஞ்ச ஆளு. நீங்க சொன்னாக் கேக்குறேன்."

நான் நிரந்தரப் பணியை விடாதே என்று சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். அவள் கீரையை ஆய்ந்து முடித்திருப்பாள். என் பொய்யை வைத்துக்கொண்டு அவள் இரண்டாவது முறையும் முடிவெடுக்கப் போகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. இனி நான் வாயை மூடிக்கொண்டிருப்பது, மறுபடியும் அந்தக் கடிதத்தைக் கிழிப்பதுதான்.

"பேப்பர் காணாமப் போகல ஆத்தா. நான் குடுக்கவே இல்ல" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. டீக்கடை, குப்பைத் தொட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கீரைக் காம்பு கையில் இருக்க, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் செய்தீர்கள் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவள் அதைக் கேட்கவில்லை.

"அந்தப் புள்ளைய நான் என்னென்ன பேசுனேன்? பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைய ரயிலுக்கு அவளாகவே கிளம்பிப் போனாள். அவள் போன பிறகு நான் மனைவியிடம், "நீயாவது ஏதாச்சும் கேளு" என்றேன்.

"நான் என்னத்தக் கேக்குறது? எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எப்படி?"

"கரெண்டு பில்லு கட்டுனாலே சீல் இருக்கான்னு ரெண்டு தரம் திருப்பிப் பாக்குற மனுசன். நீங்க சீல் வாங்காம வர்றதாவது."

"பின்ன ஏன் சொல்லல?"

"எனக்கும் பெர்மனன்ட்டுன்னா ஆசையாத்தான இருந்துச்சு." அவள் சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க மட்டும் நல்லவரு ஆயிட்டீங்க இப்ப. நான் எப்பச் சொல்றது?"

மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டிய மூன்று நாள் கடந்தது. அவள் மருத்துவரிடம் ஒரு மாத அவகாசம் கேட்டிருக்கிறாள் என்று மாப்பிள்ளை மூலம் தெரிந்தது. எனக்கு மூன்று வாரம் ஒரு அழைப்பும் இல்லை. நான்காவது வாரம் நேரில் வந்து நின்றாள்.

"சட்டையப் போட்டுட்டுக் கிளம்புங்க. அந்தப் புள்ள இப்ப ஆவுடையார்கோவில்ல ஒரு ஆபீசுல இருக்கு. விசாரிச்சுட்டேன். நீங்க வந்து உங்க வாயால சொல்லணும்."

புதுக்கோட்டையில் ஏறி, அறந்தாங்கியில் மாறி, நண்பகலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் அவள் பேசியது "டிக்கெட்டு எடுத்தாச்சு" என்ற ஒன்றுதான். அந்தப் பெண் அலுவலக வராந்தாவில் டிபன் பாக்ஸைத் திறந்து தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது முப்பது வயதிருக்கும். இன்னமும் ஒப்பந்தம்தான். என் மகளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து கையை நிறுத்தினாள். நான் நின்றபடியே சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் டிபன் பாக்ஸை மூடினாள்.

"மூணு பீரோ சார். மூணு பீரோவயும் எறக்கித் தேடுனேன். தூசி ஏறி ஒரு வாரம் தும்மல் நிக்கல. எனக்கும் அந்த மாசந்தான் ரினிவல், தெரியுமா? லெட்டரத் தொலைச்ச பொண்ணுன்னு பேரு. என்னைய வச்சிருப்பாங்களோ மாட்டாங்களோன்னு பதினஞ்சு நாளு எங்க அம்மா தூங்கல."

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

"அதெல்லாம் அப்பறம். எங்க பழைய சூப்பிரண்டு சார் என்னையத்தான் தப்பா நெனச்சுக்கிட்டே ரிட்டயர்டு ஆனாரு. போன் போட்டுத் தாரேன், அவருகிட்டச் சொல்லுங்க."

சொன்னது போலவே எண்ணைத் தேடி அழைத்து, போனை என் கையில் கொடுத்தாள். எதிர்முனையில் இருந்தவர், "யாரு சார் பேசுறது? எந்த லெட்டரு?" என்றார். அவருக்கு எதுவும் நினைவில்லை.

"நல்லாச் சத்தமாச் சொல்லுங்க சார், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றாள் அந்தப் பெண்.

சத்தமாகச் சொன்னேன். "லெட்டர நான் குடுக்கவே இல்ல சார்! கிழிச்சுப் போட்டுட்டேன்! அந்தப் புள்ள மேல தப்பில்ல!" உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நானும் ஒரு கண்காணிப்பாளராக இருந்தவன். எதிர்முனையில் அவர், "அப்படியா சார்? அந்தப் புள்ளைகிட்டப் போனக் குடுங்க" என்றார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். என் மகள் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தக்காளி சாதக் கையையே பிடித்துக்கொண்டாள்.

"நான் பேசுனதுக்கு நீங்க என்னைய ரெண்டு அறை விட்டிருக்கலாம்" என்றாள்.

"அன்னிக்கு விட்டுருப்பேங்க்கா. பீரோ சாவி கையில இருந்துச்சே." இரண்டு பேரும் சிரித்தார்கள். மூன்று டீ வந்தது.

திரும்பும்போது அறந்தாங்கியில் ஏறிய பேருந்தில் இரண்டு பேர் இருக்கையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்து மகள் சொன்னாள்.

"நீங்க அந்த லெட்டரக் குடுத்திருந்தாலும், நான் வடக்க போனாலும் போயிருப்பேன்ப்பா. கொழந்த இருக்கு, பென்ஷன் இல்லாட்டியும் ஒரு புடிப்பு இருக்கும்னு யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா நானாப் போயிருப்பேன். ஏழு வருசமா என்னையத் தள்ளிவிட்டுட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டே ஃபைலப் பாத்தேன். அதான் அந்த வேலை எனக்கு ஒட்டவே இல்ல."

கையில் இருந்த டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் மறுபடி பேசினாள்.

"இப்ப ஒரு ரூல் மட்டும் கேக்குறேன். உங்க அபிப்பிராயம் வேணாம். ராஜினாமா பண்ணா என்ன போகும்?"

"பாத்த சர்வீஸ் போயிரும். திரும்பக் கேட்டாலும் வேலை கெடைக்காது. முன்கூட்டி நோட்டீஸ் குடுக்கணும்."

"சரி."

அதற்கு மேல் நாக்கு நுனி வரைக்கும் எத்தனையோ வந்தது. ஜன்னல் வழியே தைலமரக் காடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ராஜினாமா ஏற்கப்பட்டது. ஆடி முடிந்ததும் மருத்துவமனையில் சேர்ந்தாள். நான் அவளிடம் அதைப் பற்றிக் கேட்பதில்லை. அவளாகச் சொல்கிறாள். இப்போது அவள் வரும்போதெல்லாம் மறுபடியும் சாப்பாட்டு நேரத்தில் சோறு ஆறுகிறது. பேத்திக்குத்தான் எங்கள் வீட்டை விட்டுக் கீரனூர் போனதில் கொஞ்சம் வருத்தம், எங்களுக்கும்தான்.

என்னை அவள் முழுக்க மன்னித்துவிட்டதாக நான் எழுத மாட்டேன். சில நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் மாறி எழுந்து போய்விடுகிறாள். மறுநாள் வருகிறாள்.

போன தையில் உறவில் ஒரு காதுகுத்து. பந்தியில் என் மச்சினர் எனக்குப் பக்கத்து இலை. அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"பெர்மனன்ட்ட யாராச்சும் விடுவாங்களா மச்சான்? இத்தனை ரூல் தெரிஞ்ச நீங்க இருந்துமா விட்டுட்டீங்க?"

"நான் யாரு விடுறதுக்கு? அவ விட்டா."

"உங்களக் கேக்கலையாக்கும்?"

"ரூல் கேட்டா, சொன்னேன்."

"ரெண்டு வருசம் முடிஞ்சா அப்பறம்?"

"தெரியாது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். இரண்டு வருடம் முடிந்தால் என்ன ஆகும் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. மருத்துவமனையில் புதுக் கருவிகள் வாங்கியிருக்கிறார்கள், இரண்டு பெண்களை அவளிடம் பழக விட்டிருக்கிறார்கள். நீட்டிப்பார்கள் என்றுதான் அவள் நினைக்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பந்தி முடியும் நேரத்தில் அவள் வேலை முடிந்து நேராக மண்டபத்துக்கு வந்தாள். என் இலையைப் பார்த்தவுடன் நின்றாள்.

"ரெண்டாவது லட்டா அது?"

"மொதல்" என்றேன்.

"மாமா, அப்பா எத்தனை சாப்பிட்டாரு?"

"எனக்குத் தெரிஞ்சு மூணு" என்றார் மச்சினர், கொஞ்சமும் தயங்காமல்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வெறும் வயித்தோட லேபுக்கு வாரீங்க. டோக்கன் எடுத்து வரிசைல நிக்கணும். எம் பேரச் சொல்லி உள்ள வரக் கூடாது."

மறுநாள் முதல் பேருந்தில் போனேன். எனக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள்.